சகலையின் ஜீப்

கடைத்தெருவில் அவரை எல்லோரும் கண்ணாடிக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஜன்னலுக்கும் கதவுக்கும் அலமாரிக்கும் கண்ணாடி வெட்டிப் பொருத்துவது அவர் தொழில். கடை வாசலில் அவருடைய பிக்கப் வண்டி நிற்கும். பின்தொட்டியில் சாய்வாக ஓர் இரும்புச் சட்டம். அதில் பழைய போர்வையைச் சுற்றி, கண்ணாடிகளை அதன்மேல் நிற்கவைத்துக் கட்டிக்கொண்டு போவார். படுக்கவைத்தால் முதல் பள்ளத்திலேயே கதை முடிந்துவிடும். அந்த வண்டியில் ஏற்றிய கண்ணாடி உடைந்து வீடு போய்ச் சேர்ந்தது என்று ஊரில் யாரும் சொல்ல முடியாது. அதில் அவருக்கு நல்ல கர்வம் உண்டு. செவ்வாய்க்கிழமை காலையில் மட்டும் அந்தக் கர்வம் எங்கோ ஓடி ஒளிந்துகொள்ளும்.

செவ்வாய்க்கிழமைதான் சகலை ஜீப்பில் வருவார்.

மனைவியின் தங்கையைக் கட்டியவர் அவர். சர்வேயர். மலைமேல் நிலம் அளக்கிற வேலை என்பதால் சொந்தமாக ஜீப் வைத்திருந்தார். பாசிப் பச்சை நிறம். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். பெரிய டயர், உயர்ந்த மூக்கு. தெருமுனையில் திரும்பும்போதே அதன் உறுமல் கடைக்குள் கேட்கும். வெட்டிக்கொண்டிருந்த கண்ணாடியில் கட்டர் ஒரு நொடி நின்றுதான் நகரும்.

கண்ணாடிக்காரரின் மனைவி சுகாதார நிலையத்தில் நர்ஸ். செவ்வாய்தோறும் மலைக் குடியிருப்புகளுக்குத் தடுப்பூசி போடப் போகவேண்டும். பஸ் அடிவாரம் வரைதான். அதற்குமேல் குளிர்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடை. சர்வேயருக்கு இது தெரிந்ததும், “நான் அந்தப் பக்கந்தான போறேன்? ஏறிக்குங்க அக்கா” என்றார். அவ்வளவுதான். ஏற்பாடு நிலைத்துவிட்டது.

சாயங்காலம் அவள் திரும்பி வருகிற கோலத்தைத்தான் கண்ணாடிக்காரரால் சகிக்க முடியவில்லை. தலையெல்லாம் செம்மண் தூசி, முகமெல்லாம் சிரிப்பு. ஜீப்பை விட்டு இறங்கும்போதும் சகலையிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே இறங்குவாள். வீட்டுக்குள் வந்து முகம் கழுவும்போதும் உதட்டோரத்தில் அது கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

“என்ன அப்படிச் சிரிப்பு?” என்பார்.

“ஒண்ணுமில்லங்க. சும்மா.”

அந்த ‘சும்மா’தான் அவர் வயிற்றில் விழுந்த நெருப்பு.

சந்தேகம் இல்லை. சந்தேகம் என்றால்கூட அதற்கு ஒரு மரியாதை உண்டு. வாய்விட்டுக் கேட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். இது அப்படிச் சொல்லிக்கொள்ளக்கூடிய விஷயமில்லை. தன் பிக்கப்பில் உட்கார்ந்து அவள் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை என்பதுதான் விஷயம். அதில் அவள் ஏறினால் பின்னால் திரும்பித் திரும்பிக் கண்ணாடி ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டு வருவாள். பார்க்கச் சொல்வதும் அவர்தான்.

குடும்பத்தோடு வெளியே கிளம்பினாலும் இதே கூத்து. மாமனாரிலிருந்து பொடிசுகள் வரை எல்லோரும் ஜீப்பில் போய் ஏறிக்கொள்வார்கள். பாத்திரம், பாய், தண்ணீர்க் கேன் எல்லாம் பிக்கப்பில் ஏறும்.

“பெரிய மாப்ள வண்டின்னா சாமானுக்குச் சௌகரியம்” என்று மாமனார் ஒருமுறை மனதாரப் பாராட்டினார். கண்ணாடிக்காரர் அன்று முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் சர்வேயருக்கு முதுகு போயிற்று. குனிந்தவர் நிமிர முடியவில்லை. மலை ஏற்றம் இனி கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அலுவலகத்தில் வரைபட மேஜைக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு மெதுவாக நடந்து கண்ணாடிக் கடைக்கு வந்தார்.

“அண்ணே, ஒரு யோசனை. ஜீப் இனிமே எனக்குச் சும்மாதான் நிக்கப் போவுது. எங்க வீட்டுல இவ செடி நர்சரி ஆரம்பிக்கிறேன்னு நிக்கிறா. மண்ணு, தொட்டி, செடின்னு ஏத்த பிக்கப் மாதிரி ஒண்ணு வேணும். உங்க வண்டிய எனக்குக் குடுத்துட்டு என் வண்டிய நீங்க எடுத்துக்கிறீங்களா? வண்டிக்கு வண்டி. வீட்டுக்குள்ளயே இருக்கட்டும்.”

கண்ணாடிக்காரர் கையிலிருந்த துணியால் ஏற்கெனவே துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தார். யோசிக்கிற மாதிரி இருக்கட்டும் என்றுதான். உள்ளே மேளம் கொட்டியது.

“உங்களுக்கு ஒரு கஷ்டம்னா நான் பாத்துக்கிட்டு இருப்பனா சகலை?” என்றார், பெரிய மனது பண்ணி.

சாவி கைமாறிய பிறகுதான் மனைவியிடம் சொன்னார். அவள் முகத்தில் பளிச்சென்று ஒரு வெளிச்சம் வந்தது. அவர் எதிர்பார்த்ததைவிடப் பெரிய வெளிச்சம். மறு நிமிஷமே அது சுருங்கிவிட்டது.

“அப்போ கண்ணாடிய எதுல ஏத்துவீங்க?”

“அதெல்லாம் பாத்துக்கலாம். இனிமே செவ்வாக்கிழம நானே உன்னய மேல கூட்டிட்டுப் போறேன்.”

“நீங்களா? கடை?”

“அடைச்சுட்டு வரேன். என் பொண்டாட்டிக்காக ஒரு நாள் அடைக்கக் கூடாதா?”

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

முதல் சில நாட்கள் சொர்க்கம்தான். ஜீப்பைக் கடை வாசலில் தெருவுக்கு முகம் காட்டி நிறுத்துவார். எதிர்க்கடைத் தையல்காரர் வந்து கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். மருந்துக்கடைக்காரர் அடியில் குனிந்து பார்த்து, புரியாமலே தலையாட்டினார். “கண்ணாடி, கலக்குறீங்க” என்று போகிற வருகிறவர்களெல்லாம் சொன்னார்கள். எல்லோரிடமும் அலட்டிக்கொள்ளாமல், “ஆமா, மலைக்குப் போக வேணுமில்ல?” என்றார்.

தொழில்தான் இடித்தது. ஜீப்புக்குள் ஓர் அலமாரிக் கண்ணாடியைக்கூட நேராக நிறுத்த முடியவில்லை. வாடகைக்கு லோடு ஆட்டோ பிடித்தார். ஓட்டியவனுக்குக் கண்ணாடி என்றால் என்ன, கருங்கல் என்றால் என்ன. ஒரு வீட்டு ஷோகேஸுக்குக் கொண்டுபோன பெரிய கண்ணாடி, வாசல்வரை போய் மூலையில் விரிசல் விட்டிருந்தது. வீட்டுக்காரம்மாள், “உங்க வண்டியிலயே கொண்டு வந்திருக்கலாமே” என்றாள். அவர் விரிசலை விரலால் தடவிப் பார்த்தார். பிக்கப்பை ஒருநாள் இரவல் கேட்டிருக்கலாம். கேட்டால் சகலை உடனே கொடுத்துவிடுவார், துடைத்துக்கூடக் கொடுப்பார். அதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

செவ்வாய்க்கிழமைகள் அதற்கு மேல். குளிர்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து வருவாள். அடிவாரம் தாண்டி மண்பாதை தொடங்கியதும் பேச்சு நின்றுவிடும். ஒரு கையால் மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வாள். வளைவு வரும்போதெல்லாம் அவள் வலது கால் தரையை அழுத்துவதை அவர் கவனித்தார்.

“பயமா இருக்கா?”

“இல்ல.”

“அவரோட போறப்பவும் இப்படித்தான் வருவியா?”

“இல்ல.”

இரண்டு ‘இல்ல’வுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று அவர் மனம் அளந்துகொண்டே போனது. கியரைக் கோபத்தில் இழுத்தார். வண்டி முனகியது. அவள் சாலையைப் பார்த்தபடி உதட்டைக் கடித்துக்கொண்டாள். சாயங்காலம் திரும்பி வரும்போது அவள் முகத்தில் தூசி மட்டும்தான் இருந்தது.

மழை பெய்து ஓய்ந்த ஒரு செவ்வாய்க்கிழமை. பாதையின் குறுக்கே ஓடும் சின்ன ஓடையில் தண்ணீர் அதிகமில்லை, சேறுதான். சகலையாக இருந்தால் யோசிக்காமல் இறங்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு கண்ணாடிக்காரர் வேகமாக இறக்கினார். நடுவில் பின்சக்கரம் இரண்டும் புதைந்தன. ஆக்சிலேட்டரை மிதித்தார். சேறு வாரி வாரி ஜன்னலில் அடித்தது. வண்டி இன்னும் கொஞ்சம் உட்கார்ந்தது.

“மிதிக்காதீங்க” என்றாள் அவள்.

“எனக்குத் தெரியும்.”

மறுபடி மிதித்தார். மறுபடி உட்கார்ந்தது. பெட்டிக்குள் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. மேலே தாய்மார்கள் பிள்ளைகளை வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். அவள் பெட்டியைப் பின்சீட்டில் வைத்துவிட்டுக் கதவைத் திறந்து சேற்றில் இறங்கினாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கரையிலிருந்து தட்டையான கற்களைப் பொறுக்கி வந்து சக்கரங்களுக்கு அடியில் சொருகினாள். பிறகு அவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

“தள்ளி உக்காருங்க.”

“என்னது?”

“நேரமாவுது. தள்ளி உக்காருங்க.”

அந்தக் குரலில் பிள்ளைகளுக்கு ஊசி போடும்போது வரும் ஓர் உறுதி இருந்தது. அவர் நகர்ந்தார். அவள் ஏறி உட்கார்ந்து, சீட்டைப் பழக்கமாக ஒரு கையால் முன்னால் இழுத்தாள். பெரிய கியருக்குப் பக்கத்தில், நாலு சக்கரத்தையும் சேர்ந்து இழுக்கவைக்கும் குட்டிக் கியரை, இத்தனை நாளும் அவர் எதற்கென்று தெரியாமல் தொடாமலே விட்டிருந்ததை, பின்னுக்குத் தள்ளினாள். கிளட்சை மெல்ல விட்டாள். ஜீப் ஒருமுறை முன்னால் அசைந்தது, பின்னால் வந்தது, மறுபடி முன்னால் போய்க் கல்லைப் பிடித்தது. சத்தமே போடாமல் எருமை குளத்தை விட்டு எழுந்து வருவதுபோல் கரையேறியது.

அவள் நிறுத்தவில்லை. அப்படியே ஓட்டிக்கொண்டு போனாள்.

இரண்டு வளைவு தாண்டிய பிறகுதான் அவர் கேட்டார்.

“எங்க கத்துக்கிட்ட?”

“இதே ரோட்டுல. இதே வண்டியிலதான்.”

வளைவில் கை தானாகத் திரும்பியது, கால் தானாக நகர்ந்தது. தரையை அழுத்திய அந்த வலது கால் பயந்து அழுத்தியதில்லை, பிரேக்கைத் தேடியிருக்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் கண்ணில் அந்தச் சாயங்காலச் சிரிப்பு வந்து உட்கார்ந்திருந்தது. இத்தனை நாளாக அவர் பொறாமைப்பட்டது சகலையின் பேச்சைப் பார்த்தா, வண்டியைப் பார்த்தா? இரண்டும் இல்லை. அவள் கையில் ஸ்டீயரிங் இருந்திருக்கிறது. அதற்குச் சிரித்திருக்கிறாள். தெரிந்ததும் மனம் ஆறும் என்று பார்த்தால், நெருப்பு இன்னும் ஓர் ஆள் உயரம் எழும்பியது.

குடியிருப்பில் வண்டி நின்றதும் பிள்ளைகள் ஓடிவந்தார்கள். அவள் ஓட்டிவந்ததை யாருமே ஆச்சரியமாகப் பார்க்கவில்லை. இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒருத்தி கண்ணாடிக்காரரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“யாரு நர்ஸக்கா இவரு? புதுசா ஓட்டப் பழகுறாரா? போன வாட்டி ரொம்பத் தடுமாறிக்கிட்டு வந்தாரே.”

“எங்க வீட்டுக்காரரு.”

“ஐயையோ!” என்று அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னால் நின்ற பெண்கள் பொத்திக்கொள்ளவில்லை. மலை முழுக்கத் தெரிந்த விஷயம், வீட்டுக்காரனுக்குத் தெரியவில்லை.

திரும்பும்போது பாதி வழியில், பாறை நிழலில் அவரே வண்டியை நிறுத்தச் சொன்னார்.

“எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலயா? ஊரான் சொல்லிக்குடுத்துத்தான் கத்துக்கணுமா?”

“தங்கச்சி புருஷன் ஊரானா?” என்றாள். பிறகு, “உங்ககிட்டதான் மொதல்ல கேட்டேன்” என்றாள்.

“எப்போ?”

“பிக்கப் வாங்கின புதுசுல. கடைக்கு வந்து, எனக்கும் ஓட்டச் சொல்லிக்குடுங்கன்னு கேட்டேன். ‘ஊசி போடுற கைக்கு எதுக்கு வண்டி, கண்ணாடிய நொறுக்கவா’ன்னு கேட்டீங்க. தையல்காரரெல்லாம் இருந்தாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சுட்டு வந்துட்டேன்.”

அவர் எவ்வளவோ தேடிப் பார்த்தார். அப்படி ஒரு நாள் அவர் நினைவில் இல்லவே இல்லை. சண்டை போட வந்தவருக்குக் கையில் பிடிக்க ஒன்றும் கிடைக்கவில்லை.

“லைசென்ஸ் இல்லாம மலையில…” என்று ஆரம்பித்தார்.

அவள் கைப்பையைத் திறந்து லைசென்ஸை எடுத்துக் காட்டினாள். புகைப்படத்தில் அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

“இதயும் சொல்லல.”

“சொல்லலாம்னுதான் இருந்தேன். நீங்க ஜீப்பு சத்தம் கேட்டாலே மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டீங்க. எங்க சொல்றது?”

மீதி வழி முழுக்க அவர் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். அவள் நன்றாக ஓட்டினாள். அதுவும் ஒரு குற்றமாகத்தான் பட்டது.

மறுநாள் அவர் நேரே சகலை வீட்டுக்குப் போனார். வீட்டுக்குப் பின்னால் நர்சரி. பிக்கப் மண்மூட்டைகளோடு நின்றது. சாய்வுச் சட்டத்தைக் கழற்றி வேலியோரம் நிறுத்தியிருந்தார்கள். கண்ணாடிகள் சாய்ந்த இடத்தில் இப்போது ஏதோ கொடி நீலப்பூவோடு ஏறியிருந்தது. பார்க்க அழகாக இருந்ததுதான் அவருக்கு எரிச்சல்.

“வாங்க மாமா” என்று மச்சினி கையெல்லாம் மண்ணோடு வந்தாள். “அவரு உள்ள படுத்திருக்காரு. இன்னிக்கு முதுகு ரொம்பப் படுத்துது.”

சர்வேயர் தரையில் பலகை போட்டு மல்லாந்து படுத்திருந்தார். எழ முயன்றவரைக் கண்ணாடிக்காரர் கையமர்த்தினார். கோபத்தோடு வந்த ஆள், படுத்திருப்பவனிடம் நின்றுகொண்டு கத்த முடியாமல் தானும் தரையில் உட்கார்ந்தார்.

“எம் பொண்டாட்டிக்கு நீங்க வண்டி சொல்லிக்குடுத்திருக்கீங்க.”

“தெரிஞ்சுபோச்சா?” சர்வேயர் கண்ணை மூடிக்கொண்டார். “சொல்லிருங்க அக்கான்னு நான் எத்தன வாட்டி சொன்னேன் தெரியுமா? எனக்கே உறுத்தலாத்தான் இருந்துச்சு.”

“பெறகு ஏன் மறச்சீங்க?”

“அது அவங்க விஷயம்ணே. நான் எப்படி முந்திக்கிட்டு வந்து சொல்றது?” கொஞ்சம் நிறுத்தினார். “நல்லா ஓட்டுவாங்க. என்னவிட நல்லா. அதுக்குத்தான் வண்டிய வெளியில குடுக்காம உங்ககிட்ட வந்தேன். வெளியில எத்தனையோ பேரு கேட்டாங்க. அக்கா கையவிட்டுப் போயிரக் கூடாதுன்னு…”

கண்ணாடிக்காரருக்குச் சுருக்கென்றது. தான் ஜெயித்துக் கொண்டுவந்ததாக நினைத்த வண்டி. தையல்காரரிடமும் மருந்துக்கடைக்காரரிடமும் காட்டிக்கொண்ட வண்டி.

“அப்போ அது எனக்குன்னு குடுத்ததில்ல.”

“உங்க வீட்டுக்குன்னு குடுத்தேன்ணே.”

 வெளியே மச்சினி செடிகளுக்குத் தண்ணீர் விடும் சத்தம் கேட்டது.

“உங்களுக்குத்தான் கோவம்னு நெனைக்காதீங்க” என்றார் சர்வேயர், கூரையைப் பார்த்துக்கொண்டு. “ஆபீஸ்ல என் மேஜைக்கு நேரா ஜன்னல். செவ்வாக்கிழம காலையில அந்த வளைவுல தூசி எழும்பும். நம்ம வண்டிதான் போவுதுன்னு தெரியும். அன்னிக்கு ஒரு கோடுகூட நேரா விழாது எனக்கு. இனிமே ஆயுசுக்கும் கோடுதான்.”

அவர் குரல் சிரிக்கிற மாதிரிதான் இருந்தது. கண் அப்படி இல்லை.  தான் இத்தனை வருஷம் யாரைப் பார்த்து வெந்துகொண்டிருந்தாரோ, அந்த ஆள் பலகையில் கிடந்து தன்னைப் பார்த்து வேகிறார். இதில் சந்தோஷப்படலாம் என்று ஒரு நொடி தோன்றியது. பட முடியவில்லை.

“வாராவாரம் புதன், வியாழன் ரெண்டு நாளும் எனக்குப் பிக்கப் வேணும், கண்ணாடி ஏத்த” என்றார். இத்தனை நாள் கேட்காமல் அடக்கிவைத்திருந்த வார்த்தை, மொட்டையாக வந்து விழுந்தது.

“அதுக்கென்ன, எடுத்துக்குங்க. சட்டத்தையும் மாட்டித் தரச் சொல்றேன். கொடியப் பிச்சுட்டாப் போச்சு.”

“வேணாம். அது ஏறட்டும். நான் வேற சட்டம் பண்ணிக்கிறேன்.”

வீட்டுக்கு வரும் வழியில் சாவி வெட்டுகிறவரிடம் ஜீப் சாவிக்கு ஒரு நகல் எடுத்தார். அசலை மனைவியிடம் கொடுத்தார். அவள் வாங்கிப் பார்த்துவிட்டு, “நீங்க வரலியா செவ்வாக்கிழம?” என்றாள்.

“கடைய எத்தன நாளுக்கு அடைக்கிறது?”

“கோவமா?”

“கோவமில்ல.” பிறகு உள்ளதைச் சொன்னார். “வயித்தெரிச்சல். சகலை மேல, உன் மேல, அந்த மலையில இருக்கிற பொம்பளைங்க மேலகூட. நீ ஓட்டுறத எனக்கு முன்னாடி அவங்கெல்லாம் பாத்துட்டாங்க.”

அவள் சிரிக்கவில்லை. அவர் சட்டைக் கையில் ஒட்டியிருந்த, கண்ணாடி பதிக்கும் பசையை நகத்தால் சுரண்டி எடுத்துக்கொண்டே, “எரியட்டும். கொஞ்ச நாள் எரிஞ்சுதான் அடங்கும். எனக்கும் அன்னிக்குக் கடையிலேருந்து வந்து ரொம்ப நாள் எரிஞ்சுது” என்றாள்.

செவ்வாய்க்கிழமை அவள் தனியாகக் கிளம்பினாள். கடை வாசலில் ஜீப்பை ஒரு நொடி நிறுத்தி ஹாரன் அடித்தாள். தையல்காரர் ஊசியை வாயில் வைத்தபடியே எழுந்து நின்று பார்த்தார்.

“என்ன கண்ணாடி, வண்டிய வீட்டம்மாகிட்ட குடுத்துட்டீங்க?”

“அது அவ வண்டிதான்” என்றார் கண்ணாடிக்காரர். அதைச் சொல்வது அவ்வளவு சுலபமாக இல்லை. இருந்தாலும் சொல்லிவிட்டார்.

உள்ளே போய் ஒரு ஜன்னலுக்குக் கண்ணாடி வெட்டினார். கோணலாகப் போயிற்று. ஒதுக்கி வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார். அதற்குள் மேகம் கூடி மலைப் பக்கம் கறுத்துவிட்டது. அன்று எத்தனை முறை வாசலுக்கு வந்து பார்த்தார் என்று தையல்காரரைக் கேட்டால் சொல்வார்.

பொழுது சாய்வதற்குள் அவள் வந்துவிட்டாள். ஜன்னல் உயரத்துக்குச் சேறு. இறங்கியதும், “ஓடையில தண்ணி ஏறிடுச்சுங்க. நான் என்ன பண்ணேன் தெரியுமா?” என்று தொடங்கினாள். கையை ஸ்டீயரிங் மாதிரி வைத்து, உடம்பைச் சாய்த்து, அங்கேயே நின்று அவருக்கு ஓட்டிக் காட்டினாள். அவர் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து சக்கரத்தின் சேற்றைக் கழுவிக்கொண்டே கேட்டார். உள்ளே எரிச்சல் அப்படியே இருந்தது. “அப்புறம்?” என்றார்.